எழுத்து இல்லாத மணம், கடல் கடந்த தகப்பன், நடுவில் ஒரு பிள்ளை



"கலியாண எழுத்து இல்லாத உனக்குப் பிள்ளையில் என்ன உரிமை?" இந்தக் கேள்வியால் வெருண்டுபோய் எமது சட்ட உதவி மேசைக்கு வரும் தாய்மார் பலர். இதைக் கேட்பவர் பெரும்பாலும் தகப்பனின் தாயாக இருப்பார். அல்லது சகோதரியாக இருப்பார். தகப்பன் வெளிநாட்டில் இருப்பார். தாய் இங்கே இருப்பார். பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்பது தொலைபேசியில் தீர்மானிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். தாய்க்கு அதைப்பற்றி ஒரு கடதாசி வந்த பிறகுதான் தெரியவரும்.

வன்னியிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் இந்த விடயத்தை எழுதத் தூண்டியது. அவரை யாரும் அடையாளம் காணாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவர் 2006 இல் பதிவுத் திருமணம் செய்தவர். 2009 மே மாதத்தில் கணவர் காணாமற்போனார். அந்தக் கணவருக்குப் பிறந்த ஒரு மகள் இருக்கிறாள். மீள்குடியேறிய பின் வீடு கட்ட வந்த ஒரு மேசனுடன் பழக்கமாகி, 2013 இல் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் தாலி கட்டிக்கொண்டார். எழுத்து எழுதவில்லை. முதற் கணவருக்கு மரண அத்தாட்சிப் பத்திரம் எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. 2015 இல் ஒரு மகன் பிறந்தான். பிறப்புப் பதிவில் தகப்பனும் தாயும் சேர்ந்தே கையெழுத்து வைத்தார்கள். 2018 இல் தகப்பன் பிரான்சுக்குப் போனார். முதலில் காசும் வந்தது, கோலும் வந்தது. பிறகு இரண்டும் குறைந்து நின்றன. இப்போது பாடசாலை விடுமுறைக்கென்று பேரனை யாழ்ப்பாணத்துக்கு அழைத்துச் சென்ற அப்பம்மா திருப்பி அனுப்ப மறுக்கிறார். தகப்பனின் தமக்கை சில பத்திரங்களைக் கொண்டுவந்து கையெழுத்து வைக்கச் சொல்கிறார். ஒன்று ஆங்கிலத்தில், மற்றது பிரெஞ்சில். "வைக்காவிட்டால் வழக்குப் போடுவோம். நீ எழுதாமல் வாழ்ந்தவள். கோட்டுக்குப் போனால் பிள்ளை தகப்பனுக்குத்தான்" என்கிறார்களாம். சகோதரியின் கேள்வி ஒன்றுதான்: "நான் கையெழுத்து வைக்காவிட்டால் பிள்ளையை இழந்துவிடுவேனா?"

அவருக்குத் தபாலில் பதில் அனுப்பிவிட்டேன். அதே நிலையில் உள்ள ஏனைய சகோதரிகளுக்காக இங்கே விரிவாக எழுதுகிறேன்.

சட்டம் யாரைப் பாதுகாவலர் என்கிறது?

எமது நாட்டில் பிள்ளையின் பாதுகாவல் பற்றிய பொதுச் சட்டம் ரோமன் டச்சுச் சட்டத்திலிருந்து வந்தது. அந்தச் சட்டத்தின்படி, சட்டபூர்வமாக மணம் முடித்த பெற்றோரின் பிள்ளைக்குத் தகப்பனே இயற்கைப் பாதுகாவலர். மணம் முடிக்காத பெற்றோரின் பிள்ளைக்குத் தாயே இயற்கைப் பாதுகாவலர். பிள்ளையைத் தன்னிடம் வைத்திருக்கும் உரிமையும் தாய்க்கே உண்டு.

இதை இன்னொரு முறை வாசியுங்கள். "எழுத்து இல்லாதபடியால் உனக்கு உரிமை இல்லை" என்று உங்களை வெருட்டுகிறார்களே, சட்டம் சொல்வது அதற்கு நேர்மாறானது. எழுத்து இல்லாதபடியால்தான் முதல் உரிமை தாயிடம் இருக்கிறது. மணம் முடிக்காத தகப்பனுக்குப் பாதுகாவல் உரிமை தானாக வருவதில்லை. அவர் நீதிமன்றத்தைக் கேட்கலாம். கேட்டாலும், தாயிடம் பிள்ளை இருப்பதைவிடத் தன்னிடம் இருப்பதே பிள்ளைக்கு நல்லது என்று அவர் காட்ட வேண்டும்.

ஆனால் இந்த உரிமையைப் பெரிய பூட்டு என்று எண்ணிவிடவும் வேண்டாம். பிள்ளை விடயத்தில் நீதிமன்றம் எல்லாப் பெற்றோருக்கும் மேலான பாதுகாவலர். பிள்ளையின் நலனே அதற்கு முதன்மையானது. தாய் பிள்ளையைக் கவனிக்காமல் விட்டார், அடித்துத் துன்புறுத்தினார், ஆபத்தான இடத்தில் வைத்திருந்தார் என்று நிரூபிக்கப்பட்டால் தாயின் உரிமையும் தளரும்.

பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் இருந்தால்?

மணம் முடிக்காத பெற்றோரின் பிள்ளையைப் பதியும்போது தகப்பன் பெயரைச் சும்மா எழுத முடியாது. தானே தகப்பன் என்று ஒப்புக்கொள்பவரும் தாயும் சேர்ந்து கேட்டு, இருவரும் பதிவேட்டில் கையெழுத்து வைக்க வேண்டும். அல்லது நீதிமன்றத்தின் கட்டளை வேண்டும்.

அப்படிக் கையெழுத்து வைத்ததால் தகப்பனுக்குப் பாதுகாவல் உரிமை வந்துவிடுமா? வராது. அந்தக் கையெழுத்து அவர்தான் தகப்பன் என்பதற்குச் சான்று. அதனால் அவர் தலையில் முதலில் ஏறுவது பிள்ளையைத் தாபரிக்க வேண்டிய கடமை. சில சகோதரிகள் "தகப்பன் பெயரைப் போட்டால் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்" என்று பயந்து அந்த இடத்தை வெறுமையாக விடுகிறார்கள். பின்னர் தாபரிப்புக் கேட்கும்போது தகப்பன் யார் என்று நிரூபிக்க அலைகிறார்கள்.

முதற் கணவர் காணாமற்போனவர் என்றால்

இது எமது பெண்கள் பலருக்குரிய தனிச் சிக்கல். 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போனவர்களுக்கு மரணப் பதிவு பெற வழி செய்தது. 2016 இல் அது திருத்தப்பட்டு, மரணம் என்று ஒப்புக்கொள்ள விரும்பாத குடும்பங்கள் காணாமற்போனமைக்கான சான்றிதழைப் பெறலாம் என்றாயிற்று. ஆனால் இந்தச் சான்றிதழ் முதல் மணத்தை முடிவுக்குக் கொண்டுவராது. மறுமணத்தைப் பதிய மரண அத்தாட்சிப் பத்திரமோ விவாகரத்துத் தீர்ப்போ வேண்டும்.

"அவர் செத்துவிட்டார் என்று நானே எழுதிக் கொடுப்பதா?" என்று அழுத பெண்களை நான் அறிவேன். அந்தப் பத்திரத்தை எடுங்கள் என்று நான் யாரையும் வற்புறுத்துவதில்லை. அதை எடுக்காமல் இன்னொருவருடன் வாழத் தொடங்கினால் சட்டத்தில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதல் மணம் சட்டத்தில் உயிரோடு இருப்பதால் இரண்டாவது மணம் செல்லுபடியாகாது. எனவே பிள்ளை மணமாகாத பெற்றோரின் பிள்ளையாகவே கொள்ளப்படும். இன்னொரு சிக்கலும் உண்டு. மணம் நிலைத்திருக்கும் காலத்தில் பிறக்கும் பிள்ளை அந்தக் கணவனுக்கே பிறந்தது என்று எமது சான்றுக் கட்டளைச் சட்டம் கொள்கிறது. கணவனும் மனைவியும் அக்காலத்தில் சேர்ந்திருக்க வாய்ப்பே இருக்கவில்லை என்று காட்டினால் அந்த ஊகம் விழும். 2009 இல் காணாமற்போனவருக்கு 2015 இல் பிள்ளை பிறக்க முடியாது என்று காட்டுவது கடினமல்ல. காணாமற்போனவர் பற்றிக் கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகள் இங்கே கைகொடுக்கும். அவற்றைப் பழைய பெட்டியில் கரையான் அரிக்க விடாதீர்கள்.

எழுத்து இல்லை, ஆனால் முறைப்படி தாலி கட்டியது

இருவருக்கும் வேறு மணம் இல்லாத நிலையில், வழக்கமான சடங்குகளோடு கோயிலிலோ வீட்டிலோ தாலி கட்டி, ஊரறியக் கணவன் மனைவியாக வாழ்ந்தவர்களின் நிலை வேறு. பதிவு இல்லாவிட்டாலும் அதைச் செல்லுபடியான மணமாக எமது நீதிமன்றங்கள் ஏற்றதுண்டு. பதிவு என்பது மணத்துக்குச் சிறந்த சான்று. சான்று இல்லாதபடியால் மணமே இல்லை என்றாகாது.

இதில் நன்மையும் உண்டு, யோசிக்க வேண்டியதும் உண்டு. மணம் நிரூபிக்கப்பட்டால் பிள்ளைக்குத் தகப்பன் வழிச் சொத்தில் உரிமை வரும். மணமாகாத பெற்றோரின் பிள்ளைக்குத் தாயின் சொத்தே உரியது. தகப்பன் உயில் எழுதினாலோ நன்கொடையாகக் கொடுத்தாலோ அன்றி அவர் சொத்து வராது. அதே வேளை மணம் நிரூபிக்கப்பட்டால் தகப்பனும் பாதுகாவலர் என்ற நிலைக்கு வருவார். ஆகவே "நாங்கள் மணம் முடித்தவர்கள்" என்றோ "முடிக்காதவர்கள்" என்றோ பொலிஸிலும் நீதிமன்றத்திலும் எழுதிக் கொடுக்குமுன் ஒரு சட்டத்தரணியுடன் பேசுங்கள். இன்று காசுக்காக ஒன்றும் நாளை பிள்ளைக்காக இன்னொன்றும் சொன்னால் இரண்டும் கெடும்.

பிள்ளையைத் தர மறுத்தால்

அப்பம்மாவுக்குப் பேரனில் பாசம் இருக்கலாம். பாசம் பாதுகாவல் உரிமை ஆகாது. தகப்பனுக்கே தானாக வராத உரிமையை அவரிடமிருந்து தொலைபேசியில் வாங்கிக்கொள்ள முடியாது.

முதலில், பிள்ளை எந்தத் திகதியில், எதற்காக, எத்தனை நாளுக்கு அனுப்பப்பட்டது என்பதை எழுதி வையுங்கள். திருப்பி அனுப்பும்படி கேட்டதற்குச் சான்று வேண்டும். தொலைபேசிச் செய்தியாகக் கேட்டாலும் போதும், அழிக்காமல் வையுங்கள். அடுத்து உங்கள் பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பிரிவில் முறையிடுங்கள். பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும் அறிவியுங்கள். பல பிணக்குகள் இந்தக் கட்டத்திலேயே பேசித் தீர்கின்றன.

தீராவிட்டால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மாவட்ட நீதிமன்றத்தில் பாதுகாவல் கோரி வழக்கிடுவது. மற்றது ஆட்கொணர்வு மனு. அது காணாமற்போனவர்களுக்காக மட்டும் போடுவது என்றே எமது பெண்கள் நினைக்கிறார்கள். சட்ட உரிமையின்றித் தடுத்து வைக்கப்பட்ட பிள்ளைக்காகவும் அதைப் போடலாம். மாகாண மேல் நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை விசாரிக்கும். விரிவான பாதுகாவல் பிணக்கு என்று கண்டால், பொருத்தமான கீழ் நீதிமன்றத்துக்குப் போகும்படி மேன்முறையீட்டு நீதிமன்றம் பணிக்கவும் கூடும்.

தாமதிக்காதீர்கள். பிள்ளை ஓரிடத்தில் மாதக்கணக்காக இருந்து, அங்கே பாடசாலையும் மாறிவிட்டால், "பிள்ளை இங்கே பழகிவிட்டான், குழப்ப வேண்டாம்" என்ற வாதம் வலுப்பெறும்.

நீதிமன்றம் எதைப் பார்க்கும்? இதுவரை வளர்த்தவர் யார், பிள்ளையின் வயது என்ன, உடல்நலம், பாடசாலை, கூடப்பிறந்தவர்கள் எங்கே, பிள்ளையின் விருப்பம் என்ன என்பன பார்க்கப்படும். சிறுவர் நன்னடத்தைத் திணைக்கள உத்தியோகத்தரோ குடும்ப ஆலோசகரோ வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை கொடுக்கலாம். உங்கள் வீடு தகரக் கொட்டிலாக இருக்கிறதே என்று கூசாதீர்கள். பிள்ளை நேரத்துக்குச் சாப்பிடுகிறானா, கொப்பி புத்தகம் ஒழுங்காக இருக்கிறதா, தாயைக் கண்டால் ஓடி வருகிறானா என்பதையும் அவர்கள் பார்ப்பார்கள். தகப்பன் அங்கே அதிகம் உழைக்கிறார் என்பது மட்டும் பிள்ளையைக் கொடுக்கக் காரணமாகாது.

கையெழுத்து வைக்குமுன்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருப்பதானால் இதை வையுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் பத்திரங்கள் பலவகை. பிள்ளை பயணம் செய்யச் சம்மதம் ஒன்று. கடவுச்சீட்டு எடுக்கச் சம்மதம் இன்னொன்று. முழுப் பாதுகாவலையும் ஒப்படைக்கும் சத்தியக்கடதாசி வேறொன்று. "விசாவுக்கு ஒரு கடிதம்தான்" என்று சொல்லி மூன்றாவதைக் கொடுத்த சம்பவங்களை நான் கண்டிருக்கிறேன். உங்களுக்கு விளங்காத மொழியில் உள்ள எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். பிரதி வாங்கி, தமிழில் மொழிபெயர்ப்பித்து, சட்டத்தரணியிடம் காட்டுங்கள். பிரதி தரமாட்டோம் என்றால் அதுவே உங்களுக்கு எச்சரிக்கை.

உண்மையிலேயே பிள்ளையைச் சிறிது காலம் அனுப்ப விரும்பினால், போகும் திகதி, திரும்பும் திகதி, தங்கும் முகவரி, யாருடன் போகிறான் என்பவற்றைப் பத்திரத்தில் எழுதுவியுங்கள். பாதுகாவல் என்னிடமே இருக்கிறது என்ற வசனமும் அதில் இருக்கட்டும். திரும்பும் திகதி ஏன் முக்கியம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

உங்களுக்குத் தெரியாமல் பிள்ளையை நாட்டைவிட்டுக் கொண்டுபோவார்கள் என்று நியாயமான பயம் இருந்தால், அதைத் தடுக்கும் கட்டளை ஒன்றைக் கேட்கும்படி சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். அந்தக் கட்டளையைக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு அறிவிக்கச் செய்யலாம். பிள்ளையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திர மூலப்பிரதி, கடவுச்சீட்டு என்பன உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

பிள்ளை வேறு நாட்டில் இருந்தால்

ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பிள்ளையை முறைகேடாகக் கொண்டுபோவதைத் தடுக்க 1980 இல் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை செய்யப்பட்டது. இலங்கை 2001 இல் அதில் சேர்ந்து, அதே ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டத்தால் அதை நடைமுறைப்படுத்தியது. எமது மக்கள் பரவி வாழும் பிரான்ஸ், பிரித்தானியா, ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, கனடா, அவுஸ்திரேலியா ஆகியனவும் அதில் உள்ளன. இங்கே இதற்குப் பொறுப்பு நீதி அமைச்சு.

இது வேலை செய்யும் முறை இப்படி. பிள்ளை 16 வயதுக்குக் குறைந்தவராக இருக்க வேண்டும். வழமையாக வாழ்ந்த நாட்டிலிருந்து, பாதுகாவல் உரிமை உள்ளவரின் சம்மதமின்றிக் கொண்டுபோகப்பட்டிருக்க வேண்டும். அல்லது, சம்மதித்த காலம் முடிந்தும் திருப்பி அனுப்பாமல் வைத்திருக்க வேண்டும். திரும்பும் திகதியை எழுதச் சொன்னது இதற்காகவே. ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால், பிள்ளையைத் திருப்பி அனுப்பும்படி அந்நாட்டு நீதிமன்றம் பொதுவாகக் கட்டளையிட வேண்டும். ஒரு வருடம் கடந்து பிள்ளை அங்கே வேரூன்றிவிட்டால் மறுக்கலாம். திரும்பினால் பாரதூரமான ஆபத்து உண்டு என்றாலும், விபரம் தெரிந்த பிள்ளை தானே மறுத்தாலும், தாய் முன்பே சம்மதித்திருந்தாலும் மறுக்கலாம். கடைசிக் காரணத்தைக் கவனியுங்கள். அந்த ஒரு கையெழுத்து இருந்தால் இந்தக் கதவும் மூடக்கூடும்.

பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்பதை இந்த உடன்படிக்கை தீர்மானிக்காது. எந்த நாட்டின் நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டும் என்பதையே சொல்கிறது. பிள்ளை இங்கேயே வாழ்ந்தவன் என்றால் அது எமது நீதிமன்றம்.

இது மறுபக்கமும் வெட்டும். வெளிநாட்டில் வாழும் எமது சகோதரி ஒருவர், அங்கே மணம் முடிக்காமல் சேர்ந்து வாழ்ந்தவருடன் பிணக்குப்பட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தால், அவரே பிள்ளையைக் கடத்தியவர் என்று குற்றஞ்சாட்டப்படலாம். ஏனென்றால் பாதுகாவல் உரிமை யாருக்கு என்பதை அந்த நாட்டுச் சட்டமே சொல்லும். அவை எமது சட்டம் போன்றவை அல்ல. இங்கிலாந்தில் 2003 டிசம்பர் முதலாம் திகதி முதல், பிறப்புப் பதிவில் தாயோடு சேர்ந்து பெயர் பதிந்த மணமாகாத தகப்பனுக்கும் பெற்றோர் பொறுப்பு உண்டு. பிரான்சில் பிள்ளை பிறந்து ஒரு வருடத்துக்குள் தன் பிள்ளையென ஏற்றுப் பதிந்த தகப்பன், தாயோடு சமமாகப் பொறுப்புடையவர். ஜேர்மனியில் இருவரும் சேர்ந்து பிரகடனம் செய்யாவிட்டால் பொறுப்பு தாயிடம் இருக்கும். ஆனால் 2013 முதல் தகப்பன் நீதிமன்றம் சென்று கூட்டுப் பொறுப்பைக் கேட்க வழி இலகுவாக்கப்பட்டுள்ளது. வெளிநாட்டில் உள்ள தங்கைக்கோ மகளுக்கோ இதைச் சொல்லி வையுங்கள். ஊருக்கு வர ரிக்கெற் எடுக்குமுன் அங்குள்ள சட்டத்தரணியிடம் கேட்கட்டும்.

இந்தியாவோடு தொடர்புள்ளவர்கள்

தமிழ்நாட்டு முகாம்களில் பல்லாண்டு வாழ்ந்து திரும்பிய சகோதரிகளும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். சிலருக்குத் தகப்பன் அங்கே, தாய் இங்கே. இந்தியா அந்த ஹேக் உடன்படிக்கையில் சேரவில்லை. ஆகவே அந்த வழியில் விண்ணப்பிக்க முடியாது. பிள்ளை வழமையாக வாழும் இடத்து நீதிமன்றத்தில்தான் கேட்க வேண்டும். இந்தியாவில் இந்துக்களுக்கான 1956 ஆம் ஆண்டுச் சட்டமும் மணமாகாத பெற்றோரின் பிள்ளைக்கு முதலில் தாயையே இயற்கைப் பாதுகாவலராகச் சொல்கிறது. தாய்க்குப் பின்னரே தகப்பன். மணமாகாத தாய் தன்னைப் பாதுகாவலராக நியமிக்கக் கேட்கும்போது தகப்பன் பெயரை வெளியிடவோ அவருக்கு அறிவித்தல் அனுப்பவோ கட்டாயமில்லை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2015 இல் தீர்ப்பளித்தது.

அங்கே பிறந்த பிள்ளைக்குத் தாயின் வழியாகவே இலங்கைப் பிரஜாவுரிமை கிடைக்கும். பிறப்பை ஒரு வருடத்துக்குள் இலங்கைத் தூதரகத்தில் பதிய வேண்டும். பிந்தினால் அனுமதி பெற்றுப் பதியலாம். தகப்பன் கையெழுத்து இல்லையென்று இதைக் கைவிடாதீர்கள்.

காசு கேட்பது பிச்சை அல்ல

1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் மணமாகாத பெற்றோரின் பிள்ளைக்கும் தாபரிப்புக் கேட்க இடம் தருகிறது. தகப்பன் அவர்தான் என்பதை நீதவான் திருப்திப்படும்படி வலுவான சான்றுகளால் காட்ட வேண்டும். பிறப்புப் பதிவில் உள்ள கையெழுத்து, அவர் அனுப்பிய காசுத் துண்டுகள், கடிதங்கள், பிள்ளையோடு எடுத்த படங்கள் என்பன உதவும். இருவரும் இணங்கினால் மரபணுப் பரிசோதனையும் செய்யலாம். நீங்கள் வசிக்கும் பகுதி நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். முஸ்லிம் சகோதரிகளுக்குத் தாபரிப்பு விடயம் காதி நீதிமன்றத்தில்.

தகப்பன் வெளிநாட்டில் இருந்தால் அழைப்பாணையைச் சேர்ப்பிப்பதும் காசை அறவிடுவதும் இழுபடும் வேலை என்பதை மறைக்க விரும்பவில்லை. அவருக்கு இங்கே காணி, வங்கிக் கணக்கு ஏதும் இருந்தால் அந்த விபரத்தைச் சட்டத்தரணியிடம் கொடுங்கள்.

ஒன்றை மட்டும் கலக்காதீர்கள். "காசு அனுப்பினால்தான் பிள்ளையோடு பேசலாம்" என்று தாயும், "பிள்ளையைத் தந்தால்தான் காசு" என்று தகப்பனும் சொல்வது பிள்ளையைப் பேரம் பேசுவதாகும். தாபரிப்பு பிள்ளையின் உரிமை. தகப்பனோடு பேசுவதும் பிள்ளையின் உரிமை. இலங்கை 1991 இல் ஏற்ற சிறுவர் உரிமைகள் சமவாயமும், பெற்றோரைப் பிரிந்து வாழும் பிள்ளை இருவரோடும் தொடர்பு வைத்திருக்க உரிமையுடையது என்கிறது. தொடர்பு பிள்ளைக்குக் கேடு செய்யுமென்றால் மட்டும் விதிவிலக்கு.

பிள்ளை என்ன கேட்கிறான்?

எல்லாத் தகப்பன்மாரும் பிள்ளையைப் பறிக்க நினைப்பவர்கள் அல்லர். சுவிற்சர்லாந்தில் இருந்த ஒரு தகப்பனும் இங்கிருந்த தாயும், ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் மகள் தகப்பனோடு பேசுவது, அவர் ஊருக்கு வரும் ஆண்டில் இரு கிழமை அவரோடு நிற்பது, பாடசாலைச் செலவு தகப்பனது என்று எமது மேசையில் இருந்தே எழுதிக்கொண்டார்கள். அதை எழுதி முடிக்க நான்கு சந்திப்புகள் தேவைப்பட்டன. முதல் சந்திப்பில் தாய் வாய் திறக்கவேயில்லை.

பத்து வயதுப் பிள்ளைக்கு எல்லாம் விளங்கும். "உன் அப்பா எங்களைக் கைவிட்டவன்" என்று தாயும், "உன் அம்மா ஒழுங்கில்லாதவள்" என்று அப்பம்மாவும் சொல்ல, அவன் இரண்டையும் சுமக்கிறான். பிள்ளையை நீதிமன்றத்துக்குத் தயார்செய்வதாக நினைத்து வார்த்தைகளைப் பாடமாக்காதீர்கள். நீதிபதிகள் அதை எளிதில் கண்டுகொள்வார்கள். வெளிநாடு போக விருப்பமா என்று பிள்ளையைக் கேட்பதில் பிழையில்லை. ஆனால் அங்கே போனால் அம்மாவும் அக்காவும் கூட வரமாட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பல பிள்ளைகளுக்கு இந்த இரண்டாம் பாதியை யாரும் சொல்வதில்லை.

"முறை தவறிப் பிறந்த பிள்ளை" என்ற பேச்சுக்கு எமது ஊர்களில் இன்னும் உயிர் இருக்கிறது. அந்தப் பேச்சுக்குப் பயந்து பல தாய்மார் நீதிமன்றப் படி ஏறுவதில்லை. முறையென்றும் முறையில்லையென்றும் பெரியவர்களின் வாழ்க்கையைச் சொல்லலாம். பிள்ளை பிறந்தது அவன் குற்றமல்ல. 1999 ஆம் ஆண்டுச் சட்டமும் அவனை மணத்துக்குப் புறம்பே பிறந்த பிள்ளை என்று மட்டுமே சொல்கிறது, இழித்துப் பேசவில்லை.

இன்றே செய்யக்கூடியவை

ஒரு கோப்பு வாங்குங்கள். அதற்குள் இவற்றைச் சேருங்கள்:

- பிள்ளையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம்
- கிளினிக் கொப்பி, தடுப்பூசி அட்டை
- பாடசாலை அனுமதிக் கடிதம், தேர்ச்சி அறிக்கைகள்
- பிள்ளை உங்களுடன் வசிக்கிறான் என்ற கிராம அலுவலரின் கடிதம்
- தகப்பன் அனுப்பிய காசுத் துண்டுகள், கடிதங்கள், தொலைபேசிச் செய்திகள்
- முதற் கணவர் காணாமற்போயிருந்தால் அதுபற்றிய முறைப்பாட்டுப் பிரதிகள்

வேலைக்காக மத்திய கிழக்குக்குப் போகும் சகோதரிகளும் இக்கோப்பைத் தயார்செய்து, பிள்ளையை யாரிடம், எவ்வளவு காலத்துக்கு விட்டுச்செல்கிறீர்கள் என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள். வெளிநாட்டில் உழைப்பதால் மட்டும் தாயின் பாதுகாவல் உரிமை அற்றுப்போவதில்லை.

வழக்குப் பேசக் காசில்லை என்று பின்வாங்க வேண்டாம். 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு, வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகச் சட்டத்தரணியைத் தருகிறது. வடக்கிலும் கிழக்கிலும் அதன் அலுவலகங்கள் உள்ளன. பொதுவாக நீதிமன்றத்திலோ அருகிலோ இருக்கும். பிள்ளைக்கு ஆபத்து என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கும், உங்களுக்கு மிரட்டல் என்றால் பெண்களுக்கான 1938 இலக்கத்துக்கும் தொலைபேசியில் முறையிடலாம். அலுவலகத்துக்குத் தனியாகப் போகப் பயமென்றால் உங்கள் கிராமத்து மாதர் சங்கத்திலிருந்து ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள்.

அடுத்த இதழில் தாபரிப்பு விண்ணப்பத்தை எப்படி எழுதுவது, நீதவான் முன் என்ன கேட்பார்கள் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். அதுவரை யாராவது பத்திரம் ஒன்றைக் கொண்டுவந்து அவசரப்படுத்தினால், "வாசித்துப் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லி அனுப்புங்கள். சட்டத்தில் அப்படிச் சொல்ல உங்களுக்கு முழு உரிமையும் உண்டு.